மாவுக்கட்டு ரூமில் தொடங்குங்கள்: ஆர்த்தோ பி.ஜி. (எலும்பு மருத்துவ மேற்படிப்பு) எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களில் சிலர் "அக்கா, ஆர்த்தோ எடுக்கலாமா?" என்று கேட்டு வந்து நிற்பார்கள். பெரும்பாலும் தியேட்டரில் தொடை எலும்புக்கு ராடு அடிப்பதைப் பார்த்து, அந்தச் சுத்தியல் சத்தத்தில் சொக்கிப்போய் வந்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மாவுக்கட்டு ரூமில் ஒரு ஓ.பி. நாள் முழுக்க நின்றிருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் போய் நின்றுவிட்டு வாருங்கள். கையெல்லாம் மாவு, ஒரு பக்கம் குழந்தை கத்தல், இன்னொரு பக்கம் கட்டு வெட்டும் மிஷின் சத்தம், வாசலில் எக்ஸ்ரே கவரோடு நாற்பது பேர். அது பிடித்திருந்தால் மிச்சத்தைப் பேசலாம்.

நான் உசிலம்பட்டிப் பக்கம். மதுரையைச் சுற்றியே படித்து, இப்போது அரசு மருத்துவமனை ஒன்றில் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேட்பவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அப்புறம் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன்சி, அதன் பிறகு நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு. 200 கேள்விகள், 800 மார்க், தப்பான பதிலுக்கு ஒரு மார்க் போகும். அதில் ஆர்த்தோ கேள்விகள் கொஞ்சம்தான். ஆர்த்தோ ஆசையில் ஆர்த்தோவை மட்டும் உருப்போட்டால் சீட் வராது. மெடிசின், சர்ஜரி, மகப்பேறு, சமூக மருத்துவம் என்று பெரிய பாடங்களில் எடுக்கும் மார்க்தான் உங்களை எலும்பு டாக்டர் ஆக்கும். அரசுக் கல்லூரிகளின் பாதி இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் போகின்றன. மீதிக்கு நம் மாநிலக் கவுன்சலிங். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒன்றைத் தவறவிட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் அரசு மருத்துவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி ஒதுக்கீடு உண்டு. மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கிராமத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு பி.ஜி. வருகிறவர்கள் வயதில் கொஞ்சம் மூத்தவர்களாக இருப்பார்கள். ஆனால் நோயாளியிடம் பேசத் தெரிந்து வருவார்கள். முதல் வருஷத்தில் அது பெரிய மூலதனம்.

எம்.எஸ். ஆர்த்தோவும் (மருத்துவக் கல்லூரிப் பட்டம்) டி.என்.பி. ஆர்த்தோவும் (தேசியத் தேர்வு வாரியப் பட்டம்) மூன்று வருஷம். பழைய இரண்டு வருஷ டிப்ளமோ இடங்களில் பெரும்பாலானவை எம்.எஸ். ஆகிவிட்டன. எது பெரிது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எங்கே சேர்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

சீட் எடுக்கும் முன்

அந்தக் காலேஜின் இரண்டாம் வருஷ பி.ஜி. ஒருவரைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். சீஃபிடம் கேட்டால் டிபார்ட்மெண்டின் பெருமைதான் கிடைக்கும். முதல் வருஷத்தில் இருப்பவர் தூக்கத்தில் இருப்பார், அவரிடமும் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது இவை: அட்மிஷன் நாளில் யூனிட்டுக்கு எத்தனை முறிவு வருகிறது, கட்டை யார் போடுகிறார், ராத்திரியில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் மிஷின்) ஓடுமா, ஒரு யூனிட்டில் எத்தனை பி.ஜி., முதல் ராடை எந்த வருஷம் கையில் கொடுத்தார்கள். "இங்கே எல்லாம் சாரே செய்வார், நாங்கள் நன்றாகப் பார்க்கலாம்" என்று பதில் வந்தால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வேறு காலேஜ் பாருங்கள்.

மதுரையில் ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரியாஸ்பத்திரிக்கு தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்று வட்டாரமே வந்து சேரும். நாலு வழிச்சாலை விபத்து, தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்று வேலையில் கல் விழுந்தவர், பாத்ரூமில் வழுக்கிய அப்பத்தா எல்லாரும் ஒரே ராத்திரியில் வருவார்கள். பெரிய தனியார் மருத்துவமனைகளில் மூட்டு மாற்று, ஆர்த்ரோஸ்கோப்பி (மூட்டுக்குள் சின்னக் கேமரா விட்டுச் செய்வது) எல்லாம் அதிகம் பார்க்கலாம், இடமும் ஏ.சி.யாக இருக்கும். என் கணக்கு வேறு. முட்டி மாற்றுவதைப் பிறகு ஃபெலோஷிப்பில் (பி.ஜி.க்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) கற்றுக்கொள்ளலாம். உடைந்த எலும்பைக் கையால் சேர்க்கும் பழக்கம் இந்த மூன்று வருஷத்தில் வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம்.

முதல் வருஷம்: மாவும் பஞ்சும்

முதல் வருஷம் நீங்கள் டாக்டர், கிளார்க், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் எல்லாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போட்டோவும் எக்ஸ்ரேயும் ஏற்றுவது, விபத்தில் வந்தவருக்கு 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ (முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சை) திட்டத்தில் பதிவு போடுவது, ரத்தம் ஏற்பாடு செய்வது, மயக்க டாக்டரிடம் ஃபிட்னஸ் வாங்க நடையாய் நடப்பது. சலித்துக்கொள்ளாதீர்கள். பேப்பர் சரியாக இல்லாததால் ஒரு பாட்டியின் இடுப்பு ஆபரேஷன் தள்ளிப்போனால், அந்தப் பாட்டிக்குப் படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும் வரும்.

இதற்கு நடுவில் கற்க வேண்டிய பெரிய வித்தை மாவுக்கட்டு. கட்டு ரூமில் வருஷக்கணக்காக இருக்கும் எம்.என்.ஓ. (ஆண் நர்சிங் உதவியாளர்) அண்ணனிடம் போய், "அண்ணே, சொல்லிக்கொடுங்க" என்று கேளுங்கள். கௌரவம் பார்த்தால் நஷ்டம் உங்களுக்கு. நீளத்தை அடிபடாத கையில் அளக்க வேண்டும். ஸ்லாபுக்கு (ஒரு பக்கம் மட்டும் வைத்துக் கட்டும் மாவுப் பட்டை) கை என்றால் எட்டு முதல் பத்து அடுக்கு, கால் என்றால் பன்னிரண்டுக்கு மேல். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. மாவு இறுகும்போது அதுவே சூடாகும், வெந்நீரும் சேர்ந்தால் தோல் வெந்துவிடும். குதிகாலிலும், முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஃபிபுலாவின் (கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பு) தலையிலும் பஞ்சு கூடுதலாக வையுங்கள். அந்தத் தலையைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. அது அழுந்தினால் எலும்பு கூடிய பிறகும் பாதம் தொங்கும். ஈர மாவை விரல் நுனியால் பிடிக்காதீர்கள், உள்ளங்கையால் தாங்குங்கள். விரல் பள்ளம் உள்ளே புண்ணாகும்.

மணிக்கட்டு முறிவு தினமும் வரும், அதில் தொடங்குங்கள். முறிந்த இடம் மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போட்டுவிட்டு நிதானமாகக் காத்திருங்கள். ஒருவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள, நீங்கள் கையை இழுத்துப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், சதை களைக்கும்வரை ஒரே சீராக இழுத்தால் போதும். சிக்கிய துண்டு விடுபடுவது கைக்குத் தெரியும். அதன் பிறகு கீழ்நோக்கி அழுத்தி, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துக் கட்டுங்கள். கட்டு விரல் முட்டிகளோடு நின்றுவிட வேண்டும், விரல்கள் முழுதாக மடங்க வேண்டும். "ஆர்த்தோவுக்கு ஆம்பளை பலம் வேணும், நீ எப்படிம்மா?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, உடம்பு எடையைச் சாய்த்து இழுத்தால் போதும். மயக்கம் சரியாகக் கொடுத்திருந்தால் விலகிய தோளும் இடுப்பும்கூட முறை தெரிந்த கைக்கு வரும். நோயாளிகள் ஆறு மாதத்துக்கு உங்களை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குச் சண்டை போட நேரம் இருக்காது.

சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பையும் நரம்பையும் பார்த்து, கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள். முழங்கைக்கு மேலே உடைந்து வரும் சின்னப் பிள்ளைகளிடம் இது ரொம்ப முக்கியம். பிள்ளை அழுதுகொண்டிருக்கும், சொன்னபடி கேட்காது. ‘சூப்பர்’ காட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வட்டமாகச் சேர்ந்தால் மீடியன் நரம்பின் முன்கிளை வேலை செய்கிறது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் ரேடியல் நரம்பு, கத்திரிக்கோல் மாதிரி விரலை விரித்தால் அல்னர். விளையாட்டு போலவே அரை நிமிஷத்தில் முடிந்துவிடும்.

உடைந்த காலை எடை கட்டி இழுத்து வைக்க எலும்பில் இழுவைக் கம்பி போடுவதும் முதல் வருஷத்து வேலைதான். முழங்காலுக்குக் கீழே போடும் கம்பியை வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே குத்த வேண்டும், குதிகால் எலும்பில் உட்பக்கத்திலிருந்து வெளியே. மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தப் பக்கம் காப்பாற்ற வேண்டிய நரம்போ ரத்தக்குழாயோ இருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். கம்பி நுழையும் இடம் உங்கள் கையில் இருக்கிறது, வெளியே வரும் இடம் அப்படியில்லை.

ராத்திரி டியூட்டியில் பயப்பட வேண்டியது

எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலைப் பார்த்தால் எல்லோரும் ஓடிவருவார்கள். யாரும் ஓடிவராத நோயாளியிடம்தான் நீங்கள் பயப்பட வேண்டும்: மூடிய முறிவு, நல்ல கட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு "வலி தாங்கலை" என்று முனகுகிறவர். "உடைஞ்ச காலு, வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி இன்னொரு ஊசியை எழுதிவிட்டுப் படுக்காதீர்கள். எழுந்து போய்க் கால்விரலை மெல்ல நீட்டிப் பாருங்கள். உயிர் போகிற மாதிரி வலித்தால், கெண்டைச்சதைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். நாடி துடிக்கிறதே என்று ஏமாறக் கூடாது, அது கடைசியில்தான் போகும். கட்டை முழு நீளத்துக்கு வெட்டுங்கள், உள்ளே இருக்கும் பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டுங்கள். காலை நெஞ்சு மட்டத்திலேயே வையுங்கள், அதற்கு மேல் தூக்க வேண்டாம். சீனியரை எழுப்புங்கள். திட்டினால் திட்டட்டும். சதையைத் திறந்துவிட வேண்டியிருந்தால் மணிக்கணக்கில்தான் அவகாசம்.

நம் பக்கத்தில் இதே ஆபத்து இன்னொரு வழியிலும் வரும். விழுந்த அன்றே நாட்டுக்கட்டோ புத்தூர்க் கட்டோ போட்டு, மூங்கில் பத்தை வைத்து இறுக்கி, நாலு நாள் கழித்து விரல் கறுத்த பிறகு கூட்டிவருவார்கள். முழங்கையை எண்ணெய் போட்டு உருவி, சதைக்குள் எலும்பு வளர்ந்து, கை மடங்காமல் வரும் பிள்ளைகளும் உண்டு. கோபம் வரும். ஆனால் "ஏன் அங்கே போனீங்க?" என்று வார்டில் நின்று கத்தினால், அவர்கள் அடுத்த தடவை கட்டைப் பற்றி உங்களிடம் மறைப்பார்கள், வேறெதுவும் நடக்காது. எங்கள் அப்பத்தாவும் சுளுக்கு என்றால் முதலில் வைத்தியரிடம்தான் போகும். இன்னொன்று, நாம் உடைந்த தொடையை அசையாமல் வைக்கப் போடும் கம்பிச் சட்டமான தாமஸ் ஸ்ப்ளிண்டைச் செய்த ஹ்யூ ஓவன் தாமஸ் வேல்ஸ் நாட்டில் பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்துப் பிள்ளை, டாக்டருக்குப் படித்து வந்தவர். அவர் செத்து வெகு காலத்துக்குப் பிறகு, முதல் உலகப் போரில் அந்த ஸ்ப்ளிண்ட்தான் தொடை உடைந்த சிப்பாய்களைக் காப்பாற்றியது.

தை பிறந்தால் லீவு கேட்காதீர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு, கேஷுவாலிட்டியில் தள்ளுமுள்ளாக இருக்கும். மாட்டுக் கொம்புக் காயம் ஏமாற்றும் காயம். தோலில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை இருக்கும், உள்ளே மண்ணும் சாணியும் துணியுமாக ஆழமாகப் போயிருக்கும். அதைத் தைத்து மூடக் கூடாது. டி.டி. ஊசி, ஆன்டிபயாடிக், தியேட்டரில் திறந்து கழுவுவது, ரத்தக்குழாயைப் பார்ப்பது என்றுதான் போக வேண்டும். தோல் கிழிந்த திறந்த முறிவுகளை, காயம் எவ்வளவு மோசம் என்று பார்த்து கஸ்டிலோ-ஆண்டர்சன் முறைப்படி வகைப்படுத்துவோம். ஆனால் கேஷுவாலிட்டியில் போடும் கிரேடு தற்காலிகம், கழுவி முடித்த பிறகுதான் நிஜ கிரேடு. காலைக் காப்பாற்றலாமா, எடுக்க வேண்டுமா என்ற கேள்வி வரும்போது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை உருவாக்கிய ஸ்கோர் உதவும். 14 வரை காப்பாற்றப் பார்க்கலாம், 17ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பது நல்லது, இடையில் இருப்பவை அனுபவசாலிகள் முடிவு செய்ய வேண்டியவை. அதை வீட்டாரிடம் சொல்லும்போது பி.ஜி. தனியாகப் போகக் கூடாது. அசிஸ்டண்ட் ஒருவரையாவது உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

தியேட்டர்

இரண்டாம் வருஷம் கத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். அதற்கு முன்பே டிரில்லைப் பழகலாம். கறிக்கடையில் ஆட்டுத் தொடை எலும்பு வாங்குங்கள், பழைய பிளேட்டும் ஸ்க்ரூவும் தியேட்டரில் கேட்டால் கிடைக்கும். 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. டிரில், 4.5க்கு 3.2. முதல் சுவரைத் துளைத்ததும் சத்தம் மாறும், உள்ளே வெறுமையாகப் போகும், எதிர்ச்சுவரில் மறுபடி சத்தம் கனக்கும். அந்தச் சுவரைத் தாண்டியதும் கை அங்கேயே நிற்க வேண்டும். அந்தப் பக்கம் நரம்போ ரத்தக்குழாயோ இருக்கும் என்பதை ஆட்டெலும்பு சொல்லித்தராது, நீங்கள்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி எக்ஸ்ரேயைப் பார்த்து, எங்கே வெட்டுவது, எந்தத் தசைகளுக்கு நடுவே போவது, எந்த பிளேட், எத்தனை ஓட்டை, எது தவறினால் மாற்று என்ன என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். சீஃப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. வரைந்து வைத்த பி.ஜி.யிடம்தான் ஒருநாள் "வா, நீ போடு" என்பார்கள்.

சி-ஆர்ம் விஷயத்தில் சீனியர்களின் அலட்சியத்தைப் பின்பற்றாதீர்கள். ஈயக் கோட்டும் கழுத்துப் பட்டையும் கட்டாயம், கனமாக இருந்தாலும் சரி. கதிர் அளக்கும் பேட்ஜை லாக்கரில் பூட்டி வைத்தால் அது லாக்கரைத்தான் அளக்கும். கதிர் வெளிவரும் ட்யூப் இருக்கும் பக்கம் நிற்காமல் படம் பிடிக்கும் பக்கம் நில்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்காகும், அதனால் ஓர் அடி பின்னால் போவதுகூட லாபம். கருவுற்றிருக்கும் தங்கைகள் முதல் வாரத்திலேயே யூனிட்டில் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். டியூட்டியை மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை. முகம் சுளிக்கும் யூனிட்டும் இருக்கிறது, எனக்கு அது தெரியும். எழுத்தில் கொடுங்கள்.

தீசிஸும் மாவட்ட மூன்று மாதமும்

தீசிஸ் (ஆய்வேடு) தலைப்பை உங்கள் வார்டில் நிறைய வரும் முறிவிலிருந்து எடுங்கள். அரிதான தலைப்பு அழகாகத்தான் இருக்கும், ஆனால் நோயாளி வர மாட்டார். வந்தவரும் திரும்பிக் காட்ட வர மாட்டார். நோயாளியின் நம்பரோடு பக்கத்து வீட்டுக்காரர் நம்பரையும் வாங்கி வையுங்கள். அறுவடை நேரத்தில் யாரும் செக்கப்புக்கு வர மாட்டார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். லாக் புக்கை அன்றன்று எழுதுங்கள்.

மூன்றாவது, நாலாவது, அல்லது ஐந்தாவது செமஸ்டரில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். சிலர் அதை லீவு மாதிரி நினைக்கிறார்கள். நான் இதைத்தான் சிறந்த மூன்று மாதம் என்பேன். அங்கே உங்களுக்கு மேலே ஏழு பேர் இருக்க மாட்டார்கள். எதை அங்கேயே பார்க்கலாம், எதை 108-இல் ஏற்ற வேண்டும் என்று முடிவெடுக்க அங்கேதான் பழகுவீர்கள்.

பரீட்சைக்குப் படிக்கும் முறை பற்றி நிறையப் பேர் சொல்வார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாலு எழுத்துத் தாளைவிட கேஸ் பரீட்சையில்தான் ஆள் விழுகிறது. எழுத்தில் கெட்டிக்காரர்கள் ஒரு இடுப்பை அளக்கச் சொன்னால் டேப்பைத் தேடுவார்கள். இடுப்புக் காசநோய், கூடாத எலும்பு, வளைந்து கூடிய முழங்கை, பழைய சீழ் எலும்பு, வளைபாதக் குழந்தை இவையெல்லாம் சாதாரண ஓ.பி. நாளில் வரிசையில் உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வருஷத்திலிருந்தே வாரத்துக்கு ஒருவரையாவது தனியாக உட்காரவைத்து, முழு ஹிஸ்டரி எடுத்து, அளந்து, கூட இருக்கும் பி.ஜி.யிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அவரைக் காக்கவைத்ததற்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், பரீட்சை அன்று கூப்பிட்டாலும் வருவார்.

பாஸ் ஆனதும் முதுகெலும்பா, மூட்டா, ஆர்த்ரோஸ்கோப்பியா என்று ஃபெலோஷிப் தேடலாம். அரசு சீட்டில் படித்தவர்களுக்கு அதற்கு முன் பாண்ட் வேலை (ஒப்பந்தப்படி பார்க்க வேண்டிய கட்டாய அரசுப் பணி) இருக்கும். அதன் விதிகள் மாறிக்கொண்டே வருவதால் உங்கள் வருஷத்து பிராஸ்பெக்டஸைச் சேரும்போதே படித்து வையுங்கள். போஸ்டிங் ஆர்டர் கைக்கு வந்ததும் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள்: சி-ஆர்ம் ஓடுகிறதா, மயக்க டாக்டர் வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார். அந்த நாட்கள் உங்கள் ஆபரேஷன் நாட்கள். மற்ற நாட்களில் மாவுக்கட்டு ரூமைத் திறந்து வையுங்கள், ஆள் வந்துகொண்டே இருக்கும்.